வாரண்ட் காலாவதி: எக்சசைஸ் தானா நடக்கணுமா, நாமளே போய்க் கேட்கணுமா?

#1 சிப்புட்காரன்

வணக்கம் மக்களே. சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதறேன். பங்குச் சந்தை விவரம் தெரிஞ்சவங்க பொறுமையா படிச்சுட்டுப் பதில் சொல்லுங்க.

எங்க மாமனார் தோட்டத்துல பால் வெட்டினவர். கித்தா (ரப்பர்) மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டுச் செம்பனை போட்டப்புறம் குலை வெட்டினாரு. ஓய்வு பெற்றப்போ ஈபிஎஃப் சேமநிதிப் பணத்துல கொஞ்சம் எடுத்து, ஈப்போ ரிமிசியர் (பங்குத் தரகு முகவர்) ஒருத்தர் மூலமா ஒரு கம்பெனியோட பங்கு வாங்கிப் போட்டாரு. பிறகு அந்தக் கம்பெனி பங்குதாரருக்கெல்லாம் இலவசமா வாரண்ட் கொடுத்துச்சு, அதாவது குறிச்ச விலையில அதோட புதுப் பங்கை வாங்கிக்கற உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தறதுதான் எக்சசைஸ். இவர் கைக்கு வந்தது 10,000. எக்சசைஸ் விலை 1 வெள்ளி, அஞ்சு வருஷ ஆயுசு.

ஆயுசு முடியற மாசத்துல தாய்ப் பங்கு (கம்பெனியோட சாதாரணப் பங்கு) 1.60 வெள்ளியில நின்னுச்சு. அப்போ ஒரு வாரண்ட் 60 சென் பெறும். மொத்தம் 6,000 வெள்ளி. கம்பெனி முறைப்படி நோட்டீஸ் அனுப்பியிருக்கு, ஆனா பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடு) விலாசத்துக்கு. அந்த லயம் இப்போ இல்ல, வீடமைப்புத் திட்டம் வந்துடுச்சு. தோட்டத்துல தபால்காரர் வீடு வீடா வரமாட்டாரு, ஆபீஸ்ல போட்டுட்டுப் போவாரு, கிராணி (குமாஸ்தா) கூப்பிட்டுக் கொடுப்பாரு. ஆளுங்க காலி பண்ணிப் போனப்புறம் வந்த கடிதமெல்லாம் ஆபீஸ் ஜன்னல் கம்பியில ரப்பர் பேண்ட் போட்டுச் சொருகி வச்சிருக்காங்க. வேற வேலையாப் போன என் மச்சான்தான் பார்த்து எடுத்துட்டு வந்தான். உறையைப் பிரிச்சா உள்ளே நோட்டீஸ், எக்சசைஸ் பாரம், எங்கே பணம் கட்டணும்னு ஒரு தாள். தேதி போயிடுச்சு. பங்குப் பதிவேடு வச்சிருக்கற ரிஜிஸ்ட்ராருக்குப் போன் போட்டா, "லேப்ஸ் ஆயிடுச்சு சார்" அவ்வளவுதான்.

அமெரிக்காவுல ஆப்ஷன் (குறிச்ச விலையில பங்கை வாங்கவோ விக்கவோ உரிமை தர்ற ஒப்பந்தம்) ஒரு சென்ட் லாபத்துல இருந்தாக்கூட எக்ஸ்பைரி (காலாவதி) அன்னிக்குத் தானாகவே எக்சசைஸ் ஆயிடும்னு படிச்சேன். நம்ம புர்சா பங்குச் சந்தையில ஏன் அந்த விதி இல்ல? விதியை மாத்தச் சொல்லி மனு போடலாமா? யார் யார் ஆதரவு?

#2 டவுன்பையன்

காலாவதிக்கு முன்னாடி வாரண்டை மார்க்கெட்லயே வித்திருக்கலாமே பாஸ். எக்சசைஸே தேவையில்ல. இதுக்கு எதுக்கு விதி மாத்தணும்?

#3 சிப்புட்காரன்

தெரிஞ்சிருந்தா விக்கமாட்டாரா லா? தெரியாதவருக்கு என்ன ஏற்பாடு இருக்குன்னுதானே கேட்கிறேன்.

#4 பழைய ரிமிசியர்

தம்பி, மனு எழுதுவதற்கு முன்னால் மூன்று சரக்கைத் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் புர்சா அதிகாரி முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

முதலாவது, உங்கள் மாமனார் வைத்திருந்த மாதிரி கம்பெனி வாரண்ட். பெயருக்குப் பின்னால் டபிள்யூஏ, டபிள்யூபி என்று வரும். இதைக் கொடுப்பது கம்பெனியே. எக்சசைஸ் செய்தால் கம்பெனி புதிதாகப் பங்கு அச்சடித்துத் தரும், உங்கள் பணம் கம்பெனி கஜானாவுக்குப் போகும். பாரத்தை நிரப்பி, பேங்க் டிராஃப்டோ கேஷியர்ஸ் ஆர்டரோ இணைத்து, கடைசி நாள் மாலை 5 மணிக்குள் ரிஜிஸ்ட்ரார் மேசையில் சேர்க்க வேண்டும். சேராவிட்டால் செல்லாக் காகிதம். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே சந்தையில் வாங்கல் விற்றலையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே டவுன்பையன் சொல்கிற விற்பனை வழியும் கடைசி நேரத்தில் அடைபட்டிருக்கும்.

இரண்டாவது, முதலீட்டு வங்கிகள் வெளியிடும் கட்டமைப்பு வாரண்ட், பெயருக்குப் பின்னால் சி வருமே அந்த வரிசை. இதில் நீங்கள் கேட்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. காலாவதிக்கு முந்தைய 5 வர்த்தக நாட்களின் சராசரி விலையைப் பார்த்து, லாபம் இருந்தால் வங்கி தானாகவே கணக்குத் தீர்த்துக் காசாகக் கொடுத்துவிடும். பாரமும் வேண்டாம், டிராஃப்டும் வேண்டாம்.

மூன்றாவது, அசல் ஆப்ஷன். புர்சா டெரிவேட்டிவ்ஸில் கேஎல்சிஐ பங்குக் குறியீட்டு ஃபியூச்சர் (முன்பேர ஒப்பந்தம்) மீதும் செம்பனை எண்ணெய் ஃபியூச்சர் மீதும்தான் ஆப்ஷன் உண்டு. அமெரிக்காவில் உள்ளதுபோல் தனித்தனிப் பங்கு மீது கிடையாது.

உங்கள் பிரச்சினை முதல் வகை. அமெரிக்க விதி மூன்றாவது வகைக்கு உரியது. அதை அப்படியே பெயர்த்து நட முடியாது. அங்கே ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நடுவில் இரு தரப்புக்கும் பொறுப்பேற்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் நிற்கிறது, உங்கள் கணக்கில் பணம் இருக்கிறதா என்று புரோக்கர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இங்கே ரிஜிஸ்ட்ராருக்கு உங்கள் பெயரும் விலாசமும்தான் தெரியும்.

#5 நைட்ஷிப்ட்

நான் அமெரிக்க ஆப்ஷன் விளையாடுறவன், அதனால அந்தப் பக்கத்துக் கதையை நான் சொல்றேன்.

சிகாகோ ஆப்ஷன் எக்ஸ்சேஞ்ச் 1973 ஏப்ரல் 26 அன்னிக்கு வெறும் 16 பங்கோட கால் (வாங்கற உரிமை) ஆப்ஷனை வச்சு ஆரம்பிச்சது. புட் (விக்கற உரிமை) வந்ததே 1977லதான். தானா எக்சசைஸ் ஆகற விதி இப்போ 1 சென்ட்ல நிக்குது, ஆனா ஆரம்பத்துலேர்ந்து அப்படியில்ல. படிப்படியா இறக்கிக்கிட்டே வந்து 2008லதான் 5 சென்ட்லேர்ந்து 1 சென்ட்டுக்குக் கொண்டு வந்தாங்க. எக்ஸ்பைரி நாளும் முன்ன மூணாவது வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை. காகிதம் எண்ணின காலத்து ஏற்பாடு அது. 2015 பிப்ரவரிலேர்ந்து வெள்ளிக்கிழமைக்கே மாத்திட்டாங்க.

முக்கியமான சங்கதி, அங்கே "தானா"ன்னா முழுசா தானா இல்ல. சந்தை மாலை 4 மணிக்கு மூடும். ஆப்ஷன் வச்சிருக்கறவர் 5.30 வரைக்கும் மனசு மாறலாம். லாபத்துல இருக்கறதை வேண்டாம்னு சொல்லலாம், நஷ்டத்துல இருக்கறதை எடுன்னும் சொல்லலாம். 4.15க்குக் கம்பெனி ஏதாவது சேதி விட்டுப் பங்கு எகிறினா, அந்த நேரத்துல முழிச்சிருக்கறவனுக்கு யோகம். ஆப்ஷன் எழுதி வித்தவனுக்கு அந்த உரிமை கிடையாது. அவனைக் குலுக்கல் முறையில பிடிப்பாங்க, அவனுக்கு மறுநாள்தான் தெரியும்.

இப்போ நம்ம ஊரு மணியைப் பாருங்க. அவங்க கோடைக் கணக்குல மாலை 5.30ன்னா நமக்குச் சனிக்கிழமை விடியக்காலை 5.30. எங்க அப்பா பெரட்டுக்கு (தோட்டத்துல காலையில பேர் கூப்பிடற இடம்) போன நேரம்! அவர் வாளியைத் தூக்கிட்டுக் கிளம்பின நேரத்துல நான் போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அதுவும் 5.30ங்கறது எக்ஸ்சேஞ்சோட கெடு. புரோக்கர் அவர் வசதிக்கு முன்கூட்டியே மூடிக்கலாம், நிறைய பேர் மூடறாங்க.

இன்னொண்ணு. 200 டாலர் ஸ்டிரைக்ல (எக்சசைஸ் விலைக்கு இன்னொரு பேர்) ஒரே ஒரு கால் ஒப்பந்தம்னா 100 பங்கு, எக்சசைஸ் ஆனா 20,000 டாலர் வேணும். கணக்குல 600 டாலர் வச்சிருக்கறவனுக்கு 1 சென்ட் லாபத்துக்காக 20,000 டாலர் சரக்கைத் தலையில கட்டுவாங்களா? மாட்டாங்க. புரோக்கரே எக்ஸ்பைரி மத்தியானம் ஒப்பந்தத்தை வித்துத் தள்ளிடுவாரு, கிடைக்கற விலைக்கு.

#6 செம்பனைச்செல்வி

நான் கேட்க வந்ததை நைட்ஷிப்ட் பாதி கேட்டுட்டாரு. மீதியை நான் கேட்கறேன். #1ல உள்ள கணக்குப்படி தானா எக்சசைஸ் ஆனா 10,000 வெள்ளி கட்டணும். அதை யார் கட்டுவா? ஓய்வு பெற்ற ஒரு மனுஷரோட பேங்க் கணக்குல அவருக்கே தெரியாம கை வைப்பாங்களா? நான் மில் ஆபீஸ்ல சம்பளக் கணக்குப் பார்க்கறவ. தெரியாத பிடித்தம் ஒரு 12 வெள்ளி இருந்தாலே ஆளுங்க கவுண்டர்ல வந்து நிப்பாங்க.

#7 டவுன்பையன்

செல்வி அக்கா கேட்டது நெத்தியடி.

#8 கோவைமருமகன்

நான் பிறந்தது சிப்புட்ல, பொண்ணெடுத்து வந்து சேர்ந்தது கோயம்புத்தூர்ல. "தானா எக்சசைஸ்" என்ன பண்ணும்னு நாங்க இந்தியாவுல பார்த்துட்டோம், அதனால எழுதறேன்.

என்எஸ்இயில (தேசியப் பங்குச் சந்தை) தனிப் பங்கு ஆப்ஷன் 2001ல வந்தப்போ அமெரிக்கன் வகை. எப்போ வேணும்னாலும் எக்சசைஸ் பண்ணலாம். 2011 ஜனவரி ஒப்பந்தத்துலேர்ந்து ஐரோப்பிய வகைக்கு மாத்திட்டாங்க, கடைசி நாள் மட்டும்தான். அப்போல்லாம் காசு வித்தியாசம் மட்டும் கொடுத்து வாங்கிக்கறதால யாருக்கும் பெரிய அடி இல்ல. ஆனா எக்சசைஸ் ஆன ஆப்ஷனுக்கு எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை) வரியை ஒப்பந்தத்தோட முழு மதிப்பு மேல போட்டாங்க. சில நூறு ரூபா லாபத்துக்கு அதைவிட அதிகமா வரி வந்த கூத்தெல்லாம் நடந்துச்சு. 2019 செப்டம்பர்லேர்ந்துதான் லாபப் பகுதி மேல மட்டும்னு திருத்தினாங்க.

அதுக்குள்ள செபி (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம்) பங்கு டெலிவரியைக் கட்டாயமாக்கிடுச்சு. 2018 ஜூலையில ஆரம்பிச்சு 2019 அக்டோபருக்குள்ள எல்லாப் பங்குக்கும். இப்போ லாபத்துல முடியற புட் கையில இருந்தா நீங்க பங்கைக் கொண்டுவந்து கொடுத்தே ஆகணும். பங்கு இல்லையா? ஏலத்துல வாங்கிக் கொடுத்துட்டு உங்க தலையில எழுதுவாங்க.

இதுக்கு ஒரு தப்பிக்கிற கதவு வச்சிருந்தாங்க. ஸ்டிரைக் விலை முடிவு விலைக்குப் பக்கத்துல இருந்தா "எனக்கு எக்சசைஸ் வேண்டாம்"னு சொல்ற வசதி. 2021 அக்டோபர்ல அதை எடுத்தாங்க. ரெண்டே மாசம், டிசம்பர் 30 எக்ஸ்பைரி. ஹிண்டால்கோ புட் வச்சிருந்தவங்க பூஜ்யம்னு நினைச்சு விட்டுட்டாங்க. முடிவு விலைங்கறது கடைசி அரை மணி நேரத்தோட சராசரி. அது ஸ்டிரைக்குக்குக் கொஞ்சம் கீழே இறங்கிடுச்சு. காலாவதியாகிப் போயிடும்னு நினைச்ச சில்லறைக் காசு ஆப்ஷனுக்கு லட்சக்கணக்குல டெலிவரி பொறுப்பு வந்து நின்னுச்சு. கத்தின கத்துல அடுத்த வருஷம் வசதியைத் திருப்பிக் கொண்டுவந்தாங்க. 2023 மார்ச் எக்ஸ்பைரியோட திரும்ப எடுத்துட்டாங்க.

ஏன் எடுத்தாங்கன்னு கேட்டா அவங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு. ஒரு ஸ்டிரைக்ல வாங்கி இன்னொரு ஸ்டிரைக்ல வித்து ஜோடி போட்டு வச்சிருக்கறவருக்கு, ஒரு பக்கம் எக்சசைஸ் ஆகி இன்னொரு பக்கம் ஆகலேன்னா காப்பே போச்சு. "வேண்டாம்"னு சொல்ற உரிமை ஒருத்தருக்கு இருந்தா எதிர்ப்பக்கத்துக்காரருக்கு எது நடக்கும்னே தெரியாது.

அதனால சிப்புட்காரன், தானா எக்சசைஸ் ஆகற விதி தூங்கறவரைக் காப்பாத்தும்னு மட்டும் நினைக்காதீங்க. கையில பணமில்லாதவரைப் பிடிச்சு மாட்டியும் விடும். எங்க வீட்டுப் பக்கம் ரெண்டு பேரும் ஒரே ஆளு.

#9 சிப்புட்காரன்

அண்ணே, இது எனக்குத் தெரியாத கதை. அப்போ தானா நடந்தாலும் ஆபத்து, நடக்காட்டியும் ஆபத்துன்னா, 6,000 வெள்ளி காத்துல போனது போனதுதானா? சந்தையில 1.60 வெள்ளிக்குப் போற பங்கை 1 வெள்ளிக்கு வாங்கற உரிமைங்க. கையெழுத்து ஒண்ணு இல்லேங்கறதுக்காக அது செல்லாதுன்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

#10 நைட்ஷிப்ட்

ஒரு சின்னத் திருத்தம், அமெரிக்காவுலயும் தானியங்கி எப்பவும் வேலை செய்யாது. 2023 மார்ச் 10 சிலிக்கான் வேலி பேங்க் விழுந்துச்சு ஞாபகமா? பங்கு வர்த்தகத்தை நிறுத்தி, 17ஆம் தேதி எக்ஸ்பைரி வந்தும் திறக்கல. புட் வச்சிருந்தவனெல்லாம் காகிதத்துல பணக்காரன். ஆனா முடிவு விலையே இல்லாத பங்குக்குத் தானா எக்சசைஸ் ஆகும்னு நம்பி உட்கார முடியாது, நீயே வாயைத் திறந்து கேட்கணும். கேட்டா, கொடுக்கறதுக்குப் பங்கு எங்கேன்னு சில புரோக்கர்கள் கேட்டாங்க. சந்தையே மூடிக் கிடக்கு, பங்குக்கு எங்கே போறது? சரியா கணிச்சவனும் வாரக் கணக்குல வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தான்.

#11 டவுன்பையன்

எண்பதுகள்ல தோட்டத்துல வீடு வீடா வந்து "நம்ம இனத்துக் கம்பெனி"ன்னு பங்கு வித்தாங்களே, எங்க ஆயா நகையை அடகு வச்சு வாங்கிச்சு. அதுக்கு எக்சசைஸும் இல்ல, எக்ஸ்பைரியும் இல்ல, விக்கறதுக்குச் சந்தையும் இல்ல 😂 அதோட ஒப்பிட்டா வாரண்ட் தேவலாம்.

#12 செம்பனைச்செல்வி

அந்தக் கதைக்குத் தனி இழை திறங்க, இங்க வேண்டாம். ராத்திரி முழுக்க ஓடும்.

#13 பழைய ரிமிசியர்

சிப்புட்காரன் கேட்டதற்கு வருகிறேன். இரண்டு கதவைத்தான் எல்லோரும் பார்க்கிறீர்கள். மூன்றாவது கதவு ஒன்று உண்டு, அது இங்கிலாந்தில் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது.

அங்கே முதலீட்டு டிரஸ்ட் கம்பெனிகள் வெளியிடும் வாரண்டுகளில் பெரும்பாலும் ஒரு ஷரத்து எழுதியிருப்பார்கள். கடைசி நாள் தாண்டியும் யாராவது எக்சசைஸ் செய்யாமல் விட்டிருந்தால், டிரஸ்டி ஒருவர் நியமிக்கப்படுவார். எக்சசைஸ் விலையும் செலவும் போக மிச்சம் நிற்கும் என்று அவர் கருதினால், விடுபட்ட வாரண்டுகளை அவரே எக்சசைஸ் செய்து, வரும் பங்கைச் சந்தையில் விற்று, மிச்சத்தை உரியவர்களுக்கு அனுப்பிவிடுவார். ஏற்கெனவே உள்ள பங்குதாரருக்குப் புதுப் பங்கு தரும் உரிமைப் பங்கு வெளியீட்டிலும் இதே வழக்கம்தான். பதில் போடாத பங்குதாரரின் பங்கை வேறொருவருக்கு விற்று, வெளியீட்டு விலைக்கு மேல் வந்த தொகையை அந்தப் பதில் போடாதவருக்கே கொடுக்கிறார்கள்.

உங்கள் மாமனார் கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். டிரஸ்டி 10,000 பங்கை 1 வெள்ளிக்கு எடுத்து விற்கிறார். பலபேர் விட்டதைச் சேர்த்து ஒரே மூச்சில் விற்பதால் விலை இறங்கும், 1.60 கிடைக்காது, 1.45 கிடைத்தது என்று வையுங்கள். 4,500 வெள்ளி, அதில் தரகும் செலவும் கழியும். 6,000 இல்லை. ஆனால் செல்வி கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது: மாமனார் கையிலிருந்து ஒரு சென்னும் போகவில்லை. கோவைமருமகன் சொன்ன டெலிவரிப் பொறியும் இல்லை, ஏனென்றால் மிச்சம் வராது என்று தெரிந்தால் டிரஸ்டி தொடவே மாட்டார்.

என் அபிப்பிராயம் இதுதான்: தானியங்கி எக்சசைஸ் கேட்காதீர்கள், டிரஸ்டி ஷரத்தைக் கேளுங்கள்.

#14 டவுன்பையன்

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வாரண்ட் லேப்ஸ் ஆனா மத்த பங்குதாரருக்கு லாபம்தானே? புதுப் பங்கு வராது, அவங்க பங்கு நீர்த்துப் போகாது. என்கிட்டயும் தாய்ப் பங்கு இருந்தா, யாரோ மறந்து விட்டதை எடுத்து ஏன் சந்தையில கொட்டணும்னுதான் கேட்பேன்.

#15 பழைய ரிமிசியர்

கேட்கலாம். ஆனால் வாரண்ட் வெளியிட்ட அன்றே அத்தனையும் பங்காக மாறும் என்று கணக்குப் போட்டுத்தானே பொதுக்கூட்டத்தில் கையைத் தூக்கினீர்கள்? அடுத்தவர் கடிதம் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டதால் உங்களுக்கு வந்த லாபத்தைச் சொத்துரிமை மாதிரிப் பேச வேண்டாம். கம்பெனிக்கும் எக்சசைஸ் நடந்தால்தான் பணம். 10,000 வெள்ளி வர வேண்டியது வராமல் போனதில் கம்பெனிக்கு என்ன சந்தோஷம்?

#16 கோவைமருமகன்

டிரஸ்டிக்குச் சம்பளம் யார் தருவா? நூறு, இருநூறு வாரண்ட் வச்சிருக்கறவருக்கு மிச்சம் அனுப்பற செலவே மிச்சத்தைவிட அதிகமாகும். அதுக்கு ஒரு கீழ் வரம்பு வேணும்.

#17 பழைய ரிமிசியர்

உண்மை. அங்கேயும் மிகச் சிறு தொகையை அனுப்பாமல் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருப்பார்கள். அதை மனுவில் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பவர்கள் சொல்வார்கள்.

#18 செம்பனைச்செல்வி

மனு போடறதுக்கு முன்னாடி எல்லாரும் உங்க வீட்டுப் பெரியவங்க சிடிஎஸ் (பங்கு வைப்பு) கணக்குல என்ன விலாசம் இருக்குன்னு பாருங்க. லயம் உடைச்சு ஆளுங்க டவுனுக்கு வந்தாச்சு, ஐசியில (அடையாள அட்டை) விலாசம் மாத்தியாச்சு, ஆனா சிடிஎஸ்ல தோட்டத்துப் பேர்தான் இருக்கும். ஐசியில மாத்தினா அங்கே தானா மாறாது. புரோக்கர் கடையில பாரம் நிரப்பலாம், இல்லேன்னா புர்சா எனிவேர் செயலியில பார்க்கலாம். எங்க அம்மாவோடதைப் பார்த்தேன், இன்னும் மூணாம் டிவிஷன் லயத்து நம்பர் இருக்கு.

மின்னஞ்சலையும் போட்டு வைங்க. பிள்ளைங்க மின்னஞ்சலா இருந்தாலும் பரவாயில்ல, யாராவது படிக்கணும்.

#19 நைட்ஷிப்ட்

மனு எங்கே போகும்னு ஒரு வார்த்தை. அமெரிக்காவுல எக்ஸ்சேஞ்ச் தன் விதியைத் தானா மாத்திட முடியாது. எஸ்இசி பங்குச் சந்தை ஆணையத்துல தாக்கல் பண்ணணும், அரசிதழ்ல வரும், வழக்கமா 21 நாள் யார் வேணும்னாலும் கருத்து எழுதலாம். எக்சசைஸ் கெடு நேரத்தை மாத்தின தாக்கல்களுக்கெல்லாம் இந்த வழிதான். இங்கே?

#20 பழைய ரிமிசியர்

இங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான். பட்டியலிடல் விதியைப் புர்சா திருத்தும், பெரிய மாற்றமானால் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி செக்யூரிட்டீஸ் கமிஷன் ஒப்புதல் வேண்டும். ஆகவே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள்.

#21 சிப்புட்காரன்

வரைவு போட்டிருக்கேன், பாருங்க:

"கம்பெனி வாரண்டுகள் காலாவதியாகும் நாளில் லாப நிலையில் இருந்தும் எக்சசைஸ் செய்யப்படாவிட்டால், அவற்றை ஒரு டிரஸ்டி எக்சசைஸ் செய்து, பங்குகளை விற்று, செலவு போக மீதத் தொகையை வாரண்ட் உரிமையாளருக்குச் செலுத்த வேண்டும் என்று பட்டியலிடல் விதியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மிகச் சிறு தொகைகளுக்கு விலக்கு அளிக்கலாம். காலாவதி நோட்டீசைத் தபாலோடு குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். தோட்டப்புறங்களில் வசிக்கும் படிக்காத, வயதான முதலீட்டாளர்கள் இதனால் பயனடைவார்கள்."

#22 செம்பனைச்செல்வி

கடைசி வரியை எடுங்க. "படிக்காத"ன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, அப்போ அவங்களுக்கு வாரண்டே விக்கக்கூடாதுன்னு விதி போட்டாலும் போடுவாங்க. விலாசம் மாறின யாருக்கும் இது நடக்கும், கோலாலம்பூர் பங்சார்ல கொண்டோ (அடுக்குமாடி வீடு) மாறினவருக்கும்தான். அப்படி எழுதுங்க.

#23 பழைய ரிமிசியர்

செல்வி சொல்வது சரி. இன்னொரு திருத்தம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள வாரண்டுகள் அவற்றின் 'டீட் போல்' (deed poll) எனப்படும் ஷரத்துப் பத்திரத்துக்குக் கட்டுப்பட்டவை. அதன் ஷரத்தை மாற்ற வாரண்ட் உரிமையாளர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். புர்சா ஒரு விதியெழுதிப் பழைய பத்திரத்தை மாற்றிவிட முடியாது. "இனி வெளியிடப்படும் வாரண்டுகளுக்கு" என்று போடாவிட்டால் அந்த ஒரு காரணத்துக்கே நிராகரிப்பார்கள்.

#24 சிப்புட்காரன்

அப்போ மாமனாருக்கு இதனால ஒண்ணும் வராது. பரவாயில்ல. "இனி வெளியிடப்படும்" சேர்த்துட்டேன், கடைசி வரியை மாத்திட்டேன். நாளைக்கு இங்கேயே பிடிஎஃப் போடறேன். கையெழுத்துப் போடறவங்க பேரும் ஊரும் மட்டும் எழுதுங்க. சிடிஎஸ் நம்பர், ஐசி நம்பர் எதையும் இந்த இழையில போடாதீங்க.